சான்றிதழுக்கு மவுஸ் க்ளிக் போதுமா?

உங்கள் வீட்டில் ஒரு டாக்டரோ நர்ஸோ இருந்தால், புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர் அவர்களுக்கு வகுப்பறையாகவும் பயன்படும். பட்டம் வாங்கியதோடு மருத்துவப் படிப்பு முடிவதில்லை. ஐந்து ஆண்டுகளில் குறைந்தது 30 மணி நேரம் தொடர் கல்வி பெற வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு விதிமுறைகள் கூறின. இத்தகைய பாடங்கள் இன்டர்நெட்டிலும் கிடைக்கின்றன.

இதன் அவசியத்துக்கு ஓர் உதாரணம். சர்க்கரை நோயாளியின் ரத்தம் அமிலமாகும் 'கீட்டோஅசிடோசிஸ்' உயிருக்கே ஆபத்தானது. இதைக் கண்டறியும் சர்க்கரை அளவு நீண்ட காலம் 250 மில்லிகிராம் என்றிருந்தது. 2024-ல் அமெரிக்க, ஐரோப்பிய சர்க்கரை நோய் அமைப்புகள் இணைந்து அதை 200 ஆகக் குறைத்தன. இதுபோன்ற மாற்றத்தைத் திரையில் ஒரு பக்கம் படித்தே தெரிந்துகொள்ளலாம்.

ஆனால் எல்லாப் பாடமும் அப்படி அல்ல. டிமென்ஷியா என்னும் மறதி நோய் முற்றிய முதியவர் திடீரென்று கத்துகிறார், கையை உதறுகிறார். காரணம் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கியதாக இருக்கலாம். இடுப்பு வலியாகவும் இருக்கலாம். அவரால் சொல்ல முடியாது. சர்க்கரையைக் குளுக்கோமீட்டர் சில விநாடிகளில் காட்டிவிடும். வலிக்கு அப்படி ஒரு மீட்டர் இல்லை. மூச்சு, முனகல், முகபாவம், உடல் அசைவு, ஆறுதலுக்கு அடங்குகிறாரா என்ற ஐந்தையும் கவனித்து 10-க்கு மதிப்பெண் போடும் 'பெயினாட்' முறை 2003-ல் வெளியானது. நார்வே முதியோர் இல்லங்களில் 352 பேரிடம் நடந்த ஆய்வு 2011-ல் வெளிவந்தது. முறையாக வலி மருந்து கொடுத்ததில், எட்டு வாரங்களில் அவர்களது கிளர்ச்சி சராசரியாக 17 சதவீதம் குறைந்தது. வலியைக் கவனிக்காத இடத்தில் இவர்களுக்குக் கிடைப்பது தூக்க மருந்துதான்.

இதை இருபது ஸ்லைடுகளும் பத்துக் கேள்விகளும் கற்றுத் தராது. 'நெக்ஸ்ட்' பட்டனைத் தட்டிக்கொண்டே போனாலும் சான்றிதழ் பிரிண்ட் ஆகிவிடும். வீடியோவில் நோயாளியின் முகத்தைக் காட்டி, மதிப்பெண் போடச் சொல்லி, தவறினால் அதே காட்சியை மீண்டும் ஓட்டி விளக்க வேண்டும். புத்தகத்தால் முடியாத இந்த வேலையைக் கம்ப்யூட்டர் சுலபமாகச் செய்யும். இதற்குச் சம்மதம் பெற்ற நோயாளிகளையோ நடிகர்களையோ படம் எடுக்கலாம்.

எனவே, உங்கள் வீட்டு மருத்துவர் ஒரு பாடத்தில் சேரும் முன், எத்தனை மணி நேரம் என்பதோடு, பார்த்து முடிவெடுக்கும் பயிற்சி அதில் உண்டா என்றும் பார்க்கட்டும். அப்பயிற்சி இல்லாத பாடத்துக்கு மதிப்பெண்ணே தரக்கூடாது என்பது என் கருத்து.