அனுபவமே கூலியாம்!

அமெரிக்க சர்வகலாசாலைகளில் பழைய கடிதங்களையும் பத்திரிகைகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றி ஆராய்கிறார்கள். நல்ல காரியம், வரவேற்கிறோம். இதற்கென மெல்லன் அறக்கட்டளை போன்றவை கல்லூரிகளுக்குக் கொடுக்கும் பணத்தில் பேராசிரியர்களுக்கு உதவித்தொகை கிடைக்கிறது. மெல்லன் யார்? நிலக்கரியிலும் எண்ணெயிலும் அலுமினியத்திலும் கோடி கோடியாகக் குவித்த குடும்பம்! தொழிலாளியின் வியர்வைதான் இன்று தர்மம் என்ற பெயரில் திரும்பி வருகிறது.

அது போகட்டும். பக்கம் பக்கமாகப் படமெடுப்பது யார்? யந்திரம் தப்பாகப் படித்த எழுத்தைத் திருத்துவது யார்? மாணவர்கள்! அவர்களுக்குக் கூலி எங்கே என்றால், "அனுபவம் கிடைக்கிறதே" என்கிறார்கள் கனவான்கள். பயிற்சி என்று பெயர் சூட்டி முழு வேலை வாங்கும் தந்திரம் மில் தொழிலாளிக்குப் புதிதா?

மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. 2015ல் லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள காலிபோர்னியா சர்வகலாசாலையிலிருந்து மாணவர் உரிமைச் சாசனம் ஒன்று வெளிவந்தது. திட்டத்தைத் தீர்மானிப்பதில் மாணவனுக்குப் பங்கில்லையென்றால் அவன் நேரத்துக்குச் சம்பளம் தர வேண்டும். உழைத்தவன் பெயரையும் சொல்ல வேண்டும். இதுவே அதன் சாரம்.

இதைவிடத் தெளிவான நியாயம் வேறென்ன? படிப்பு என்றால் தீர்மானிக்கும் உரிமையைக் கொடு! வேலை என்றால் கூலியைக் கொடு! இரண்டையும் மறுப்பது சுரண்டல். அதைச் செய்பவர் பண்ணையாராயினும் சரி, பண்டிதராயினும் சரி!

சாசனம் காகிதத்தில் கிடந்தால் பயனில்லை. சங்கமாகத் திரண்டால்தான் அது சம்பளமாகும்.