ஒன்றாம் வகுப்புக்கு எதற்கு டியூஷன்?

"நாங்கதான் படிக்கல. வீட்டுல சொல்லிக்கொடுக்க யாருங்க இருக்கா? டியூஷன் வெச்சாத்தான் பிள்ளை தேறும்."

பாலக்கோடு, பென்னாகரம், அரூர் என்று தருமபுரி மாவட்டத்தில் எந்தப் பக்கம் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழும். சொல்பவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் இதுதான், 68.5 விழுக்காடு. தமக்கு வாய்க்காதது பிள்ளைக்காவது வாய்க்கட்டும் என்ற தவிப்புதான் மாதாமாதம் டியூஷன் ஃபீஸாகப் போகிறது. தவிப்பில் தப்பில்லை. அது போய்ச் சேரும் இடம்தான் சரியில்லை.

படிக்காத பெற்றோரால் ஒன்றும் முடியாது என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆறு வயதுப் பிள்ளை படிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஒரு ஆள் இருந்தால் போதும். புத்தகத்தில் நாலு வரி படிக்கச் சொன்னால், அது எழுத்துக்கூட்டிப் படிக்கிறதா, படத்தைப் பார்த்து ஒப்பிக்கிறதா என்பது எழுத்தறியாத பாட்டிக்கும் பிடிபட்டுவிடும். தக்காளி மண்டியில் பெட்டிக் கணக்கை மனசிலேயே போடுகிற அப்பாவுக்கா கூட்டல் சொல்லித்தரத் தெரியாது? தெலுங்கோ கன்னடமோ பேசும் வீடுகளும் இங்கே நிறைய உண்டு. அந்த மொழியிலேயே கதை சொல்லுங்கள். கதை கேட்டுப் பழகிய காது தமிழ் வகுப்பிலும் வீண்போகாது.

"சரிங்க, ஹோம் ஒர்க் முடிக்கவாவது ஆள் வேண்டாமா?" இதுதான் வேடிக்கை. ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதம் உத்தரவிட்டது. அதே ஆண்டு மத்திய அரசும் மாநிலங்களுக்கு அதையே எழுதியது. கொடுக்கவே கூடாத வேலையை முடிக்கக் காசு கொடுத்து ஆள் வைக்கிறோம்! சாயங்காலம் ஒரு டியூஷன் வீட்டுத் திண்ணையை எட்டிப் பாருங்கள். யூ.கே.ஜி.யிலிருந்து எட்டாவது வரை ஒரே பாயில் உட்கார்ந்திருக்கும். பெரியதுகளுக்குப் பரீட்சை, சின்னதுகளுக்கு நோட்டை நிரப்பும் வேலை. மறுநாள் அதே வார்த்தையை வேறொரு இடத்தில் எழுதிக் காட்டினால் பிள்ளை திருதிருவென்று முழிக்கும்.

பள்ளிக்கூட மிஸ்ஸிடமே டியூஷன் வைத்தால் கவனிப்பு கூடும் என்கிறவர்களுக்கு ஒரே பதில்: 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 28-ஆம் பிரிவு. ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது. ஒன்றாம் வகுப்பிலேயே நீட் பரீட்சைக்கு அடித்தளம் போடுகிறவர்களோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

ஒரு வாதத்துக்கு மட்டும் நான் தலைவணங்குகிறேன். கூலி வேலை முடிந்து அம்மா வீடு திரும்ப ஏழு மணி ஆகிறது. அதுவரை பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது? நியாயமான கேள்வி. ஆனால் அது பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் தேவை, படிப்புத் தேவை அல்ல. கொரோனாவுக்குப் பின் 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்குத் தெருவில் இருக்கிற அக்காவே சாயங்காலம் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாட்டும் விளையாட்டுமாய்ச் சொல்லிக்கொடுத்தார். அப்படி ஒரு அக்கா கிடைத்தால் தாராளமாக அனுப்புங்கள்.

மூன்றாம் வகுப்பு வந்தும் எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளைக்கு உதவி வேண்டும், மறுக்கவில்லை. எப்படிப்பட்ட உதவி? வதோதராவிலும் மும்பையிலும் பிரதம் அமைப்பு, பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே அழைத்து, உள்ளூர் இளம்பெண்களைக் கொண்டு அடிப்படையிலிருந்து சொல்லிக்கொடுத்தது. பிள்ளைகள் தேறினார்கள். அதை ஆராய்ந்து சொன்னவர்களில் இருவர் பின்னாளில் 2019-இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும். எந்த வகுப்புப் புத்தகம் என்று பார்க்காமல், பிள்ளை நிற்கிற இடத்திலிருந்து தொடங்கியதுதான் அங்கே பலித்தது. நம் அரசுப் பள்ளிகளில் 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் அதையே செய்கிறது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரிக்கிறது.

ஆகவே டியூஷனுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால், ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று பள்ளிக்கூடத்துக்குப் போய் டீச்சரிடம் கேளுங்கள்: "எம்புள்ள அரும்புலயா இருக்குது, மொட்டுலயாங்க?"