கோலமில்லாத வாசல்



சென்ற மார்கழியில் ஒரு நாள், கிழக்குத் தாம்பரத்துத் தெரு ஒன்றின் வழியே காலைத் திருப்பலிக்கு நடந்து சென்றுகொண்டிருந்தேன். நம் பங்கைச் சேர்ந்த புதுமணப் பெண் ஒருத்தி, கோலமாவுக் கிண்ணத்தை ஏந்தியவாறு வாசலில் தயங்கி நின்றாள். "சுவாமி, நாம் கோலம் போடலாமா? அத்தை கூடாது என்கிறார்கள்" என்றாள். "போடு, அம்மா" என்று கூறிவிட்டு நடந்தேன். அந்த விடையை நான் கற்றுக்கொண்ட கதையை இம்மாதம் உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

குருப்பட்டம் பெற்ற புதிதில் ஒரு சிற்றூரில் உதவிப் பங்குக் குருவாக இருந்தேன். கோயிலை அடுத்த தெருவில் ஒரு மூதாட்டி, நாள்தோறும் விடியுமுன் வாசல் தெளித்துக் கோலமிடுவார். "இது பிற சமயத்தார் வழக்கமன்றோ? விட்டுவிடுங்கள்" என்று கண்டித்தேன். குரு சொன்ன சொல்லுக்கு மறுப்பேதும் கூறாமல் அவரும் விட்டுவிட்டார். மூன்றாம் நாள் காலையில், "வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்று?" என்று அக்கம்பக்கத்தார் பதறியடித்துக்கொண்டு வந்தனர். துக்கம் நேர்ந்த வீட்டு வாசலில்தானே கோலம் இராது! நலமாக இருந்த ஒரு குடும்பத்தை என் அவசரப் பேச்சு இழவு வீடாகக் காட்டிவிட்டது. அன்று மாலையே சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "நாளைக்குப் பெரிசாவே போட்டுடறேன் சாமி" என்றார்.

கோலம் வெறும் அலங்காரமன்று. "இவ்வீட்டார் நலமாயிருக்கின்றனர், வருபவர் வரலாம்" என்று தெருவுக்குச் சொல்லும் செய்தி அது. முன்பு அதை அரிசிமாவினால் இட்டனர். எறும்புக்கும் குருவிக்கும் அன்றைய முதல் உணவு வாசலிலேயே கிடைத்தது. இன்று கடையில் வாங்குவது பெரும்பாலும் வெள்ளைக்கல் பொடி. அதில் எறும்புக்குப் பங்கில்லை.

அதில் அறிவும் உண்டு. சிக்குக் கோலத்தில் புள்ளிகளைச் சுற்றி வளைந்து செல்லும் கோடு, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். நம் தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோருடன் சேர்ந்து, கோலங்களுக்குள் அமைந்த இலக்கணத்தைக் கணிதமுறையில் ஆராய்ந்து 1974-இல் கட்டுரை வெளியிட்டார். சில விதிகளைத் திரும்பத் திரும்பக் கையாண்டால் சிறு கோலம் பெருங்கோலமாக வளரும். பள்ளி வாசலை மிதியாத நம் பாட்டிமார் அவ்விதிகளை விரல் நுனியில் வைத்திருந்தனர்.

வீட்டு முகப்பைப் பேசவைக்கும் பெண்கள் பிற நாடுகளிலும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் இண்டெபெலே என்னும் மக்கள் 1883-இல் போரில் தோற்று நிலமிழந்தனர். வெள்ளையரின் பண்ணைகளுக்குக் கட்டாய வேலையாட்களாகச் சிதறடிக்கப்பட்டனர். பின்னாளில் அம்மக்களின் பெண்கள் தங்கள் வீட்டுச் சுவர்களில் பளிச்சிடும் வண்ணங்களால் கோடும் கட்டமுமாக எழுதினர். "நாங்கள் அழிந்துவிடவில்லை, இங்கேதான் இருக்கிறோம்" என்பதே அச்சுவர்களின் பேச்சு. தாய் மகளுக்குக் கற்பிக்கும் கலை அது. 1935-இல் பிறந்த எஸ்தர் மஹ்லாங்கு, பத்து வயதில் தாயிடமும் பாட்டியிடமும் அதைக் கற்று உலகப் புகழ் பெற்றார்.

மக்களின் வழக்கங்களில் மூடநம்பிக்கையோடும் தவற்றோடும் பிணைந்திராதவற்றைத் திருச்சபை பரிவுடன் நோக்கும், இயன்றவரை காக்கும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு கூறுகிறது. குருமடத்தில் அதைப் படித்துத் தேர்வும் எழுதியவன்தான் நான். எனினும் அதன் பொருளை விளக்க எனக்கு ஒரு மூதாட்டியின் வெறும் வாசல் தேவைப்பட்டது.

இன்று சேலையூரிலும் மேடவாக்கத்திலும் அடுக்குமாடி வீடுகள் பெருகிவிட்டன. தெளிக்க மண்வாசல் இல்லை. கதவருகே ஒட்டிய பிளாஸ்டிக் கோலம் ஆண்டு முழுவதும் அப்படியே கிடக்கிறது. உள்ளே இருப்பவர் நோயுற்றாலும், தனிமையில் வாடினாலும் அது மாறுவதில்லை. அதைக் கண்டு பதறி வந்து கதவைத் தட்டுவாரும் இல்லை.

ஆகவே அன்பர்களே, இரண்டு சாண் இடமிருந்தாலும் போதும். நாலு புள்ளி வைத்து உங்கள் கையால் ஒரு கோலமிடுங்கள். மகளுக்கும் மகனுக்கும் சொல்லிக்கொடுங்கள். எதிர்வீட்டு வாசல் என்றேனும் வெறுமையாய்க் கிடந்தால், தயங்காமல் சென்று நலம் விசாரியுங்கள்.