பாக்க என்னத்த இருக்கு? - ஒரு ராஜபாளையத்துக்காரனின் புலம்பல்

கூட வேலை பார்க்கும் வங்காளி ஒருத்தனை தீபாவளி லீவுக்கு ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன். வங்காளிகளைப் பத்தி உங்களுக்கே தெரியும். சேர்ந்தாப்புல நாலு நாள் லீவு கிடைச்சா மூட்டை கட்டிருவாங்க. பொதிகையில ஏறி உட்கார்ந்ததுமே பய கேட்டான், "உங்க ஊர்ல பாக்க என்னென்ன இருக்கு?"

பதினஞ்சு வருஷம் அந்த ஊர்ல குப்பை கொட்டுனவன் நான். டக்குனு பதில் வரலை. "டாக் ஃபேமஸ்"னு சொல்லி சமாளிச்சேன்.

வீட்டுக்குப் போனா சித்தப்பா அதைவிட மோசம். "இங்க என்னத்தப்பா இருக்கு, பேசாம கார் எடுத்துட்டுக் குற்றாலம் போயிட்டு வாங்க, ஒன்றரை மணி நேரம்"ங்கிறார். சித்தப்பா மகன் குறுக்க வந்து, "குற்றாலம் எதுக்கு, நம்ம அய்யனார் கோயில் ஃபால்ஸ் இருக்குல்ல, செம தண்ணி, ரீல்ஸ் பாக்கலையா நீ?"ன்னான்.

கவனிச்சீங்களா மக்களே, நம்ம ஆளுங்களுக்கு ரெண்டே பதில்தான். ஒண்ணு, இங்க ஒண்ணுமே இல்லை. இல்லாட்டி, இங்க ஒரு ஃபால்ஸ் இருக்கு. இந்த ரெண்டு பதிலும் ஒரே சோம்பேறித்தனத்துல பிறந்த அண்ணன் தம்பிங்கன்னு அன்னிக்கு சாயங்காலம்தான் எனக்கு உறைச்சது.

போனோம். மழை விட்ட நேரம், தண்ணி நிஜமாவே நல்லா வந்துக்கிட்டு இருந்துச்சு. கூட்டம் அதைவிட நல்லா வந்துக்கிட்டு இருந்துச்சு. பாறை இடுக்குல ஷாம்பு பாக்கெட், உடைஞ்ச பீர் பாட்டில், பிரியாணி தின்னுட்டு அப்படியே விட்ட தெர்மாகோல் தட்டு. நாலு பேர் சோப்பு நுரையை ஆத்துல மிதக்க விட்டு வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தாங்க. வங்காளி நாகரிகமா ஒண்ணும் சொல்லாம பேன்ட்டை மடிச்சுவிட்டுக் கண்ணாடிச் சில்லு குத்தாம நடக்குறதுலயே குறியா இருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா செம்புல தண்ணி கொடுத்தாங்க. குடிச்சுட்டு, "நல்லா இனிப்பா இருக்கே, இது எங்க இருந்து வருது?"ன்னு கேட்டான்.

எங்க இருந்து வருது? அய்யனார் கோயில் ஆத்துல இருந்துதான்! அந்த ஆத்துத் தண்ணிதான் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துல தேங்கி, அங்க இருந்து ராஜபாளையம் நகராட்சிக் குழாய்க்கு வருது. இப்ப தாமிரபரணித் தண்ணியும் சேர்ந்து வருதுன்னாலும், மலைத் தண்ணிக்கு இருக்குற ருசியே தனின்னு பெருமை பேசாத ராஜபாளையத்துக்காரன் கிடையாது. அந்தத் தண்ணியிலதான் சோப்பு நுரை விட்டு வீடியோ எடுக்குறோம். குடிக்கிற குடத்துக்குள்ள காலைக் கழுவிட்டு, குடத்தைப் பாருங்க எவ்வளவு அழகுன்னு ஊரைக் கூப்பிடுறோம்.

இந்த லட்சணத்துல, அய்யனார் கோயில் ஆத்தையும் செண்பகத்தோப்பையும் குற்றாலம் மாதிரி சுற்றுலாத் தலம் ஆக்கணும்னு ஒரு கோரிக்கை வேற. ஒவ்வொரு எலெக்ஷனுக்கும் எவனாவது ஒருத்தன் கிளப்பி விடுவான். உடை மாத்துற ரூம், பார்க்கிங், கடைகள், ஊர் வளரும், நாலு பேருக்கு வேலை கிடைக்கும்... நியாயமாத்தான் கேக்கும். நானும் காலேஜ் படிக்கும்போது தலையாட்டினவன்தான்.

இப்ப சொல்றேன், வேண்டவே வேண்டாம்.

முதல்ல அது யாரோட இடம்னு பாருங்க. ஸ்ரீவில்லிபுத்தூர் மலைச்சரிவை 1988ல சாம்பல் நிற அணில் சரணாலயமா அறிவிச்சாங்க. 2021 பிப்ரவரியில மேகமலையையும் சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கினாங்க. இந்தியாவுல 51ஆவது, தமிழ்நாட்டுல 5ஆவது, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல. வைகைக்குத் தண்ணி கொடுக்குற காடும் அதுலதான் வருது. புலியைக் காப்பாத்துறது எதுக்குன்னு நக்கலா கேக்குறவங்க, மதுரைக்காரனுக்குக் குடிக்கத் தண்ணி எதுக்குன்னும் சேர்த்துக் கேட்டுப் பாருங்க.

அந்த அணிலைப் பாத்திருக்கீங்களா? நம்ம வீட்டு மதில்ல ஓடுற அணில் இல்லை. கிட்டத்தட்ட ஒரு பூனை சைஸ், உடம்பு நீளத்துக்கு வால். தரைக்கு வர்றதே அபூர்வம். பக்கத்து மரக்கிளை வந்து தொடுற மாதிரி இருக்குற மரமாப் பாத்துத்தான் உச்சியில கூடு கட்டும், ஆபத்துன்னா அப்படியே தாவிடலாம்னு. நடுவுல நாலு மரத்தை வெட்டிப் பார்க்கிங் போட்டா அதுக்கு ரோடு கட் ஆன மாதிரி. செண்பகத்தோப்புல சின்ன வயசுல அப்பாகூட காலையில போய் ஒரு மணி நேரம் வாயை மூடிட்டு உட்கார்ந்து பாத்திருக்கேன். இப்ப அங்க போறவன் புளூடூத் ஸ்பீக்கரோட போறான். அவனுக்கு அணில் இல்லை, கொசுகூட தரிசனம் கொடுக்காது.

இன்னொண்ணு, இது உயிர் விஷயம். நம்ம மலையில வெயில் அடிச்சுக்கிட்டு இருக்கும்போதே மேல எங்கேயோ பெஞ்ச மழை கீழ வந்து அடிச்சுட்டுப் போகும். 2015 மே மாசம் சதுரகிரிக்குப் போன பக்தர்கள் வெள்ளத்துல செத்தது மறந்துபோச்சா? அய்யனார் கோயில்ல ஆத்துக்கு அக்கரையில மாட்டிக்கிட்டு, தீயணைப்புக்காரங்க கயிறு கட்டி இழுத்து வந்த கதையெல்லாம் நமக்குப் புதுசும் இல்லை. ஃபாரஸ்ட்காரன் கேட்டைப் பூட்டினா அவனை வில்லன் மாதிரி திட்டுறோம். பூட்டாம விட்டு நாலு பேர் போய்ச்சேர்ந்தா அப்பவும் அவனைத்தான் திட்டுவோம்.

"டேய், நீ மெட்ராஸ்ல ஏசியில உட்கார்ந்து ஆணி புடுங்குற. ரிசார்ட்டுக்குப் போக காசு இல்லாதவன் ஞாயித்துக்கிழமை பிள்ளைகுட்டியோட ஆத்துல குளிக்கக் கூடாதா?"ன்னு என் கிளாஸ்மேட் ஒருத்தன் போன்ல பிடிச்சான். சரியான கேள்வி. என் தாத்தா குளிச்ச ஆறு அது. கோயிலுக்குப் போறவன் போகட்டும், பொங்கல் வைக்கிற குடும்பம் வைக்கட்டும். செண்பகத்தோப்புல குடியிருக்கிற பளியர் ஜனங்க அந்தக் காட்டுலயே வாழ்றவங்க, அவங்களைப் பத்திப் பேச எனக்கு அருகதையே கிடையாது. நான் சொல்றது, வெளியூர்ல இருந்து வேன் புடிச்சு ஆளைக் கூட்டிட்டு வந்து இறக்குறதைப் பத்தி. தாத்தா குளிச்ச காலத்துல பாக்கெட் ஷாம்பும் இல்லை, டிஸ்போசபிள் தட்டும் இல்லை.

சரி, அப்ப வர்றவனுக்கு எதைக் காட்டுறது? ஊரைக் காட்டுங்கய்யா! நாம பாத்து சலிச்சுப்போன ஊரை.

மறுநாள் அதைத்தான் செஞ்சேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். 192 அடி, பதினோரு நிலை கோபுரத்தை எல்லாரும் காட்டுவாங்க. அரசாங்க முத்திரையில இருக்குறது இதுதான்னு நாம சொல்லுவோம், இல்லை மதுரை மேற்கு கோபுரம்னு ஒரு கோஷ்டி சண்டைக்கு வரும், அதுக்குள்ள இப்ப போகலை. கோபுரத்துக்குக் கீழ செல்ஃபி எடுத்துட்டு அரைக்கிலோ பால்கோவா வாங்கிட்டு நாப்பது நிமிஷத்துல கிளம்புறதுதான் நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் டூர். ஆண்டாள் கையில இருக்குற கிளியைப் பத்தி யாராவது சொல்றாங்களா? அது பொம்மைக் கிளி இல்லை. தினமும் புதுசா இலையில செய்யுறது. மாதுளம்பூவுல மூக்கு, மரவள்ளி இலையில உடம்பு. மணிக்கணக்கா உட்கார்ந்து கட்டி, ஒரு நாள் பொழுதுக்கு வச்சு, அடுத்த நாள் மறுபடி முதல்ல இருந்து. வங்காளி இதைக் கேட்டதும் அப்படியே நின்னுட்டான். "தினமுமா? எத்தனை வருஷமா?"ன்னு திரும்பத் திரும்பக் கேட்டான். புரட்டாசியில திருப்பதிக்கும், சித்திரையில அழகர் ஆத்துல இறங்குறதுக்கும் இங்க இருந்துதான் மாலை போகுதுங்கிறதையும் சொன்னேன். துர்கா பூஜைக்குக் களிமண்ல சிலை செஞ்சு கங்கையில கரைக்கிற ஊர்க்காரன், அவனுக்குப் புரியாதா?

மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமி கோயில் அங்கேயேதான் இருக்கு. திருமலை நாயக்கர் மஹால் மதுரையில மட்டும்தான்னு நினைக்கிறவங்களுக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர்லயும் ஒண்ணு இருக்கு, ரொம்ப காலம் கோர்ட் நடந்த கட்டடம். உள்ளூர்லயே பாதிப் பேருக்கு "பழைய கோர்ட்டு", அவ்வளவுதான். பால்கோவாவும் 2019ல புவிசார் குறியீடு வாங்கியாச்சு. பஸ் ஸ்டாண்டுல டப்பா வாங்குறதோட நிறுத்தாம, விறகடுப்புல பால் சுண்டுறதை ஒரு தடவை நின்னு பாருங்க. பய சந்தேஷ் பெருமை பேசிக்கிட்டு வந்தவன், சூடா ஒரு வாய் போட்டதும் கப்சிப் :-)

ராஜபாளையத்துல காந்தி கலை மன்றம் வாசல்ல எத்தனை வருஷம் சைக்கிள்ல போயிருப்பேன், அது யார் வீடுன்னு தெரியாமலே. பி.எஸ். குமாரசாமி ராஜா, 1949ல இருந்து 1952 வரைக்கும் சென்னை மாகாணத்தோட முதலமைச்சர், தன் சொந்த வீட்டைக் கலை மன்றத்துக்குக் கொடுத்துட்டார். முதலமைச்சரா இருந்தவர் வீட்டைக் கொடுத்த கதையை இன்னிக்குச் சொன்னா ஃபேன்டசி கதைன்னுதான் நினைப்பாங்க.

சத்திரப்பட்டிப் பக்கம் போனா தறிச் சத்தம். ஆஸ்பத்திரியில நமக்குச் சுத்துற பேண்டேஜ் துணி நெய்யுற ஊரு. தளவாய்புரம் போனா நைட்டி. தேவதானம் நச்சாடை தவிர்த்தவர் கோயில், இந்தப் பக்கத்துப் பஞ்சபூதத் தலங்கள்ல ஆகாயம். சங்கரன்கோவில், கரிவலம்வந்தநல்லூர், தாருகாபுரம், தென்மலைன்னு மிச்ச நாலையும் சேர்த்து ஒரே நாள்ல முடிக்கலாம். இங்கெல்லாம் ஆயிரம் பேர் வந்தாலும் டீக்கடைக்காரனுக்கும் ஆட்டோக்காரனுக்கும்தான் லாபம், எந்த அணிலுக்கும் கூடு போகாது.

அப்புறம் நாய். 2005ல தபால் தலையே போட்டாங்க நம்ம நாய்க்கு. அதுக்காக ஞாபகார்த்தமா ஒரு குட்டி வாங்கிட்டுப் போறேன்னு கிளம்பாதீங்க சாமிகளா. வேட்டைக்குன்னு வளர்த்த சாதி, ஓடணும் அதுக்கு. வெள்ளைக் குட்டிகள்ல காது கேக்காததும் நிறைய பிறக்கும், அதை மறைச்சு விக்குறவனும் இருக்கான். ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட்டுல கட்டிப்போட்டு, அது குரைக்குதுன்னு ஆறு மாசத்துல தெருவுல விடுறதுக்கு பால்கோவாவோட நிறுத்திக்கலாம்.

வங்காளி கிளம்பும்போது சித்தப்பா கேட்டார், "என்ன தம்பி, குற்றாலம் போகலையாமே?" நான் மொழிபெயர்த்தேன். "நேரம் பத்தலை"ன்னான். சித்தப்பா என்னை முறைச்சார், ஒரு நல்ல பையன் லீவை வீணாக்கிட்டேன்னு.

டிஸ்கி 1: "அந்த ஃபால்ஸுக்குப் போற வழி அனுப்பு தல"ன்னு கேட்டு வர்ற மெயிலுக்குப் பதில் கிடையாது. பால்கோவா எந்தக் கடையில நல்லா இருக்கும்னு கேட்டா கட்டாயம் சொல்லுவேன்.

டிஸ்கி 2: சித்தப்பா மகனோட ரீல்ஸுக்கு எட்டாயிரம் லைக் வந்திருக்காம். அவன் வீட்டுலயும் அதே குழாய்த் தண்ணிதான்.