எலியை வளர்ப்பது யார்?

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகள் வெள்ளத்தில் மிதந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். இப்படித் தேங்கும் நீரில் எலி, மாடுகளின் சிறுநீர் கலக்கும்போது, அதிலுள்ள லெப்டோஸ்பைரா பாக்டீரியா காலிலுள்ள புண் வழியே உடலில் நுழைகிறது. இதுவே எலிக்காய்ச்சல்! கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு. முற்றினால் மஞ்சள் காமாலை, சிறுநீரகப் பாதிப்பு, மரணம்.

ஆரம்பத்திலேயே அரசு மருத்துவமனைக்குச் சென்றால் ஆன்டிபயாடிக் மருந்தில் குணமாகும். ஓதிப் பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். மருத்துவம் செய்யச் சொன்னவர்களே நபி (ஸல்) அவர்கள்தான். பாதையிலுள்ள தொல்லையை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளை என்றார்கள். குர்பானிக் கழிவைத் தெருவில் கொட்டி எலியைக் கொழுக்கவிடுவது தொல்லையில்லையா?

வடிகால் கேட்டு மாநகராட்சி, நகராட்சிகளிடம் மனுக் கொடுப்போம். அதற்குமுன் ஜமாஅத் தோறும் நம் தெருவைச் சுத்தம் செய்வோம். அல்லாஹ் துணை நிற்பானாக!