விருப்பங்கள் மூன்று, நேரம் யாருடையது?





திருமுடிவாக்கத்தில் வசித்து வரும் நமக்கு, மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பதே தொழில். அதற்கப்பால் நமக்கு மூன்று விருப்பங்கள் உண்டு. ஒன்று, கட்டுரை எழுதுவது. இரண்டு, பிள்ளைகள் பாடும் இஸ்லாமியப் பாடல்களைப் பதிவு செய்து, கணினியில் ஒலியைச் சீர்செய்து தொகுப்பது. மூன்று, நம்மிடம் உள்ள பழைய மாருதி 800 காரை நாமே பராமரிப்பது.

இதைப் பற்றி நம்மிடம் இரு தரப்பினர் கேட்கின்றனர். "ஓதிக் கொடுக்கும் உஸ்தாதுக்குக் கையில் ஸ்பேனர் எதற்கு? இதெல்லாம் வீண் அல்லவா?" என்பது பெரியவர்களின் கேள்வி. "வேலை, குடும்பம், தொழுகை எல்லாவற்றுக்கும் நடுவே இதற்கெல்லாம் எப்படி ஹஜ்ரத் நேரம் கிடைக்கிறது?" என்பது இளைஞர்களின் கேள்வி. இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுத வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது. ஏனெனில் இரண்டாவது கேள்விக்கு நாம் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்த பதில் உண்மையானதன்று என்பதைச் சென்ற மழைக்காலத்தில்தான் உணர்ந்தோம்.

முதலில் பெரியவர்களின் கேள்வி.

மனிதனுக்குத் தொழிலுக்கு அப்பால் ஒரு விருப்பம் இருப்பதை மார்க்கம் வெறுக்கவில்லை. பெருநாள் தினத்தில் அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு விளையாடியதையும், அதனை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சலிக்கும் வரை பார்த்திருக்க நபி (ஸல்) அவர்கள் துணை நின்றதையும் ஹதீஸ் நூல்களில் காண்கிறோம்.

நம் தமிழ் முஸ்லிம் சமுதாயத்திலும் இதற்குச் சான்றுகள் உள்ளன. நாகூரில் 1921-இல் பிறந்த நீதியரசர் மு.மு. இஸ்மாயீல் அவர்கள், 1979-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார். அவருடைய தொழில் சட்டம், விருப்பமோ கம்பன். சென்னைக் கம்பன் கழகத்தை நிறுவி வளர்த்தவர் அவரே. இன்றும் தமிழுலகம் அவரை நீதிபதியாக நினைவுகூர்வதைவிடக் கம்பனை ஆய்ந்த அறிஞராகவே அதிகம் நினைவுகூர்கிறது.

இன்னும் நமக்கு அருகில் வருவோம். குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி.யில் 1950-களில் விமானப் பொறியியல் பயின்றவர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் அவர்கள். அங்கே படிக்கும்போதே, நம் நாட்டு விமானத்தை நாமே உருவாக்க வேண்டும் என்ற கருத்தில் தமிழில் ஒரு கட்டுரை எழுதி, கல்லூரித் தமிழ்ச் சங்கம் நடத்திய போட்டியில் முதற்பரிசு பெற்றார். பரிசை வழங்கியவர் ஆனந்த விகடன் ஆசிரியராக இருந்த எழுத்தாளர் தேவன். பிற்காலத்தில் ராக்கெட், ஏவுகணைப் பணிகளுக்கு இடையிலும் கவிதை எழுதுவதையும் வீணை வாசிப்பதையும் கலாம் அவர்கள் விடவில்லை. விருப்பம் என்பது வீண் என்று இவர்களை வைத்துக்கொண்டு எவரும் சொல்ல முடியாது.

இசையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. இசைக் கருவிகள் குறித்து நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்கள் தடை என்ற கருத்திலும், இப்னு ஹஸ்ம் போன்றோர் ஆகும் என்ற கருத்திலும் இருந்துள்ளனர். அந்த விவாதத்திற்குள் நாம் இப்போது நுழையவில்லை. நாம் பதிவு செய்வது பிள்ளைகளின் குரலும் தஃப் ஓசையும் மட்டுமே. நாகூர் ஹனீபா அவர்களின் குரல் ஒலிக்காத வீடு இல்லை என்ற காலத்தில் வளர்ந்தவர்கள் நாம். நம் பிள்ளைகளின் குரலும் தெளிவாகக் கேட்க வேண்டும் என்ற ஆசைதான் நம்மை இதில் இறக்கியது. சுவரில் போர்வையைத் தொங்கவிட்டு எதிரொலியைக் குறைப்பதும், மின்விசிறியை நிறுத்திவிட்டு, சிட்கோ தொழிற்பேட்டை இயந்திரங்களும் மீனம்பாக்கம் விமானங்களும் ஓயும் நேரம் பார்த்துப் பதிவு செய்வதும் நாமே பட்டுத் தெரிந்துகொண்டவை.

கார் பராமரிப்பும் வீணாக வந்ததன்று. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் திறக்கப்படும்போதெல்லாம் வரும் எச்சரிக்கையில், சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், திருநீர்மலை என்று நம் ஊரின் பெயரும் சேர்ந்தே வரும். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது அந்த ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் வெளியேற்றப்பட்டது. வெள்ளம் வடிந்ததும், வண்டி ஓடுகிறதா என்று பார்க்கும் அவசரத்தில் சாவியைத் திருகியவர்கள் பலர். நாமும் அவர்களில் ஒருவர். காற்றை அழுத்துவது போல் நீரை அழுத்த முடியாது. எனவே சிலிண்டருக்குள் நீர் புகுந்திருக்கும்போது இயந்திரத்தைச் சுழற்றினால், பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். நமக்கு அதுவே நேர்ந்தது. சாவியைத் தொடாமல், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு மெக்கானிக்கை அழைத்திருந்தால் செலவு மிகக் குறைவாக இருந்திருக்கும். அந்த அறியாமைக்குக் கொடுத்த விலைதான் நம்மைக் காரின் பானெட்டைத் திறக்க வைத்தது.

ஆக, மூன்று விருப்பங்களும் நல்ல காரணங்களோடுதான் வந்தன. பிரச்சினை காரணத்தில் இல்லை. நேரத்தில்தான் இருந்தது.

சென்ற ஐப்பசி அடைமழையில் ஒரு வியாழன் மாலை, காரின் பின்சக்கர பிரேக்கில் கசிவு இருப்பதைக் கண்டோம். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றினோம். மறுநாள் ஜும்ஆவுக்குப் பின் புதுப்பேட்டைக்குச் சென்று வீல் சிலிண்டர் ஒன்று வாங்கி வந்தோம். அது பொருந்தவில்லை. மாற்றி வருவதற்குள் ஒரு பாடல் தொகுப்பை முடித்துத் தர வேண்டியிருந்தது. ஒரு கட்டுரையும் பாதியில் நின்றது. கார் மூன்று நாட்கள் சக்கரமின்றி நின்றது. மூன்றாம் நாள் இரவு ஒரு மணிக்கு, காதில் ஹெட்போனுடன் ஒலித் தொகுப்பில் மூழ்கியிருந்தோம். துணைவியார் வந்து தோளைத் தொட்ட பிறகுதான், பக்கத்து அறையில் நம் தாயார் மூச்சுத் திணறிக்கொண்டிருப்பது தெரிந்தது. அவர்கள் நம்மை இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார்கள்.

வாசலில் நம் கார் ஜாக்கியின் மேல் நின்றது. பக்கத்து வீட்டுச் சகோதரர் அந்த மழையிலும் எழுந்து வந்து, தம் ஆட்டோவில் குரோம்பேட்டை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அவர் ஒரு தொழிற்கூடத்தில் இரண்டாம் ஷிப்ட் முடித்து, ஆட்டோவும் ஓட்டிவிட்டு அப்போதுதான் படுத்திருந்தார். அல்ஹம்துலில்லாஹ், தாயார் இரண்டு நாளில் நலமுடன் வீடு திரும்பினார்கள். வழியில் அந்தச் சகோதரர் நம்மை ஒரு வார்த்தையும் குறை கூறவில்லை. "காரை அப்புறம் பார்த்துக்கலாம் ஹஜ்ரத், அம்மாவைப் பாருங்க" என்று மட்டும் சொன்னார். அதுவே நமக்குப் போதுமானதாக இருந்தது.

எப்படி நேரம் கிடைக்கிறது என்று கேட்ட இளைஞர்களிடம், "தூக்கத்தைக் குறைத்தால் கிடைக்கும்" என்றே சொல்லி வந்தோம். அது பொய். கணக்குப் போட்டுப் பார்த்தபோது, நம் தூக்கத்திலிருந்து எடுத்தது சிறு பங்குதான். மீதியை ஃபஜ்ர் ஜமாஅத்திலிருந்து எடுத்தோம். மறுநாள் வகுப்பில் கண் சொருக அமர்ந்து பிள்ளைகளின் பாடத்திலிருந்து எடுத்தோம். தாயாரின் பக்கத்தில் அமர வேண்டிய மாலைகளிலிருந்து எடுத்தோம். எல்லாவற்றுக்கும் மேலாகத் துணைவியாரிடமிருந்து எடுத்தோம்.

ஸல்மான் அல்ஃபாரிஸீ (ரலி) அவர்களும் அபுத்தர்தா (ரலி) அவர்களும் நபி (ஸல்) அவர்களால் சகோதரர்களாக இணைக்கப்பட்டவர்கள். ஸல்மான் (ரலி) அவர்கள் தம் சகோதரரின் வீட்டுக்குச் சென்றபோது, அவருடைய துணைவியார் தம்மைப் பேணிக்கொள்ளாத நிலையில் இருந்ததைக் கண்டு காரணம் கேட்டார்கள். அபுத்தர்தா (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்ததே காரணம். இறைவனுக்கும், தம் உடலுக்கும், குடும்பத்தாருக்கும் உரிய உரிமைகளை அவரவர்க்குக் கொடுக்குமாறு ஸல்மான் (ரலி) அவர்கள் அறிவுறுத்த, நபி (ஸல்) அவர்கள் அதனை உண்மை என ஏற்றார்கள். இது புகாரியில் உள்ள செய்தி. இதனை நாம் வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறோம். உபரியான வணக்கமே குடும்பத்தாரின் பங்கை எடுக்கலாகாது என்றால், ஒலித் தொகுப்பும் வீல் சிலிண்டரும் எந்த உரிமையில் எடுக்க முடியும்?

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் துணைவியாருக்கு ஆரி எம்பிராய்டரி வேலை அழகாக வரும். திருமணமான புதிதில் செய்துகொண்டிருந்தார். அந்தச் சட்டம் இப்போது பல ஆண்டுகளாக பீரோவின் மேல் தூசி படிந்து கிடக்கிறது. அதை நாம் தினமும் பார்த்திருக்கிறோம். அது ஏன் அங்கே கிடக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நமக்கு மூன்று விருப்பங்கள் இருக்கும் வீட்டில் அவருக்கு ஒன்றும் இல்லை என்றால், அவர் விருப்பமற்றவர் என்பது பொருளல்ல. அவருடைய நேரத்தையும் சேர்த்து நாமே செலவழிக்கிறோம் என்பதே பொருள். நம் சமுதாயத்தில் பல வீடுகளின் நிலை இதுதான் என்றே நினைக்கிறோம்.

சில இளைஞர்கள், ஏ.ஆர். ரஹ்மானும் இரவு பகல் பாராமல்தானே உழைத்தார் என்பர். அவர் சிறு வயதில் தந்தையை இழந்து, குடும்பத்தைத் தாங்கக் கீபோர்டு வாசித்தவர். அவருக்கு அது வாழ்வாதாரம். வாழ்வாதாரத்துக்கு வீட்டார் விட்டுக்கொடுப்பது வேறு. விருப்பத்துக்காக அவர்களிடம் கேட்காமலே எடுத்துக்கொள்வது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அப்படியானால் விருப்பங்களை விட்டுவிட வேண்டுமா? வேண்டாம் என்பதே நம் கருத்து. அவற்றை நம் பங்கிலிருந்து மட்டும் செலவழிக்க வேண்டும். அந்த நிகழ்வுக்குப் பின் நாம் கடைப்பிடிக்க முயலும் முறை இது:

எழுத்து, ஃபஜ்ருக்குப் பின் அரை மணி நேரம் மட்டும். குறைவாயினும் நிலையான செயலே இறைவனுக்கு விருப்பமானது என்பது நபிமொழியின் கருத்து. அரை மணி நேரத்தில் ஒரு பத்தி வந்தால் போதும்; மாதம் இரண்டு கட்டுரை ஆகிவிடுகிறது.

ஒலிப்பதிவு, சனிக்கிழமை அஸருக்கு முன். இரவு இஷாவுக்குப் பின் கணினியைத் திறப்பதில்லை. வீட்டில் தாயார் இருக்கையில் இரு காதையும் அடைக்கும் ஹெட்போன் அணிவதில்லை.

கார், மாதத்தில் ஒரு ஞாயிறு காலை. எஞ்சின் ஆயில், கூலன்ட் அளவு, டயரின் காற்று, பேட்டரி முனைகள், ஏர் ஃபில்டர் ஆகியவற்றை நாமே பார்க்கிறோம். அன்றே மூடி ஓட்ட முடியாத எந்த வேலையையும் நாம் தொடங்குவதில்லை. பிரேக் வேலை மெக்கானிக்குக்கு உரியது. அதில் நேரும் பிழைக்கு விலை கொடுப்பவர் நாம் மட்டுமல்லர்.

ஞாயிறு அஸர் முதல் மஃரிப் வரை துணைவியாருடையது. அடுப்பும் பிள்ளைகளும் நம் பொறுப்பு. ஆரிச் சட்டம் பீரோவிலிருந்து இறங்கிவிட்டது. முதல் வாரம் நாம் காய்ச்சிய தேநீரைக் குடித்த மகள், "அத்தா, நீங்க கார் வேலையே பாருங்க" என்றாள்!

இந்த முறை ஒவ்வொரு வாரமும் அப்படியே நடந்துவிடுகிறது என்று சொல்ல மாட்டோம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறையேனும் தவறுகிறோம். ஆனால் தவறும்போது யாருடைய நேரத்தை எடுத்தோம் என்பது இப்போது தெரிகிறது. அவரிடம் சொல்லிவிடவும் முடிகிறது.

ஆகவே இளைஞர்களே, ஒரு விருப்பத்தைத் தொடங்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த நேரம் யாருடையது? இந்தப் பணம் யாருடையது? பாங்கு சொன்னாலோ, பெற்றவர் அழைத்தாலோ இதைப் பாதியில் வைத்துவிட்டு என்னால் எழுந்திருக்க முடியுமா? மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தால் தொடங்குங்கள். எழுதுங்கள், பதிவு செய்யுங்கள், பானெட்டையும் திறங்கள். பெரியவர்களே, அப்படிச் செய்யும் பிள்ளைகளை வீணன் என்று சொல்லிவிடாதீர்கள்.

ஆரோக்கியமும் ஓய்வு நேரமும் மனிதர்களில் பலர் ஏமாந்துபோகும் இரு அருட்கொடைகள் என்பது நபிமொழியின் கருத்து. அந்த ஓய்வை நமக்கும் பிறருக்கும் பயனுள்ளதாகவும், எவருடைய உரிமையையும் பறிக்காததாகவும் ஆக்கிக்கொள்ள வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.