சேறு எவருக்குச் சொந்தம்?

படித்த பிள்ளை சேற்றில் இறங்குவதா என்று கேட்கிறார்கள். பட்டினச்சேரியில் வலை இழுத்து, மகனைக் கல்லூரிக்கு அனுப்பிய தந்தை கேட்டால் அதில் வேதனை உண்டு; தலைதாழ்த்திக் கேட்டுக்கொள்வோம். சேறே காணாத சீமான்கள் கேட்கும்போதுதான் நமக்குச் சிரிப்பு வருகிறது.

இந்த இழிவு எங்கிருந்து வந்தது? ஏரின் இரும்புமுனை மண்ணையும் மண்வாழ் உயிரையும் துன்புறுத்துகிறதாம். ஆகவே உழவு பழிக்கப்பட்ட தொழிலாம்! மனுநூலின் பத்தாம் அத்தியாயம் பகர்கிறது. உழவுக்கெனத் தனி அதிகாரம் வகுத்தவர் வள்ளுவர். இரண்டையும் ஒரே அலமாரியில் அடுக்கி வணங்கும் நாடு இது! நெல் தீட்டுப்படவில்லை, நட்ட கைதான் தீட்டுப்பட்டது. என்னே நீதி!

தக்காளி பறிக்கும் இயந்திரத்தை உருவாக்கிய பல்கலைக்கழகம், கலிபோர்னியாவின் டேவிஸ். அங்கே பயின்ற மாணவர் வேறு வகை வேளாண்மையையும் கற்க விழைந்தனர், மண் கேட்டனர். 1977-இல் சுமார் 20 ஏக்கரில் மாணவர் பண்ணை பிறந்தது; இன்றும் நடக்கிறது.

காரைக்காலில், செருமாவிலங்கையில், 1987 முதல் வேளாண் கல்லூரி உண்டு. வேளாண் பாடத்திட்டத்தில் வயற்பயிற்சியும் உண்டு, அறிவோம். நாம் வேண்டுவது அதனினும் பெரிது: முடிவெடுக்கும் உரிமை. எந்த நெல், எவ்வளவு எரு, என்ன விலை? கணக்கேடு மாணவர் கையில். இழப்பும் அவர் தலையில். காவிரியின் கடைமடை இது. 2004 டிசம்பர் 26 அன்று கடலேறிய கரை இது. உப்பேறிய வயலில் நன்னீர் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டை மடக்கி உழுது, மண்ணை மீட்கும் வித்தையைத் தேர்வுத்தாளா கற்பிக்கும்?

"இது குலக்கல்வியன்றோ?" என்பர் சிலர். நல்ல கேள்வி, நம் தோழர்களிடமிருந்தே எழ வேண்டிய கேள்வி. 1953-இல் ஆச்சாரியார் கொணர்ந்த திட்டம், பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மீதியை அப்பன் தொழிலுக்கு ஒதுக்கியது. 1954-இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. (காரைக்கால் அன்று பிரெஞ்சுக் கொடியின்கீழ் இருந்தது, திட்டம் இங்கு வரவில்லை. அதன் மனப்பான்மைக்கு எல்லைக்கல் ஏது?) குலக்கல்வி பிறப்பைக் கேட்டு வேலை தந்தது. மாணவர் பண்ணையிலோ அர்ச்சகர் வீட்டுப் பிள்ளையும் மீனவர் வீட்டுப் பெண்ணும் ஒரே வரப்பில் நிற்பர். முறைவைத்து மண்வெட்டி பிடிப்பர்.

ஒன்று சொல்லி வைக்கிறோம். சாணம் அள்ள ஒரு சாதி, கணக்கெழுத ஒரு சாதி என்று அங்கும் பிரித்தால், எதிர்க்கும் முதல் குரல் நம்முடையதே. ஆகவே வேலைமுறைப் பட்டியலைப் பண்ணை வாயிலிலே ஒட்டுங்கள். எருக்குழிக்கு எவர் பெயர் எத்தனை முறை வந்தது என்பதை ஊரார் எண்ணிப் பார்க்கட்டும்.